அப்பா போட்ட முடிச்சு நழுவவில்லை

சரவணா, முதலில் எழுந்து போய் அந்தத் தொட்டில் கட்டிலை இழுத்துச் சுவர் ஓரமாக விடு. உன் மெத்தையையும் அந்த விளக்குக்குக் கீழேயிருந்து எடு. அதைச் செய்துவிட்டு வந்து உட்கார்ந்து இதைப் படி. நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்கு மேல் நான் படிக்கவில்லை. ஆனால் இன்றைக்கு நலம் விசாரிக்க நேரமில்லை. இன்று செவ்வாய். வியாழக்கிழமை தேன்மொழி ஊரிலிருந்து உன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தம்மாமில் வந்து இறங்குகிறாள். மூன்று மாதப் பிள்ளை. அது அந்தக் கட்டிலில் படுப்பதற்குள் உன்னிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாலு வருஷமாக யாரிடமும் சொல்லாதது.

நேற்று உனக்கு மூன்று தடவை போன் அடித்தேன். முதல் தடவை எடுத்து, "அம்மா, சைட்ல இருக்கேன், அப்புறம் பேசுறேன்" என்றாய். அடுத்த இரண்டையும் எடுக்கவில்லை. உள்ளே போகும்போது போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும் என்று எனக்குத் தெரியும், அதனால் உன்னைக் குறை சொல்லவில்லை. வாய்ஸ் மெசேஜ் போடலாம் என்று பட்டனை அழுத்தினேன். அழுகைதான் பதிவானது. அழித்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். இங்கே பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகள் தூங்குகிற நேரம் இது. எங்களை மாதிரி ஆயாக்களுக்கு இந்த ஒரு மணி நேரம்தான் உட்கார நேரம். பிள்ளைகள் வரைந்து போட்ட தாள்களின் பின்பக்கத்தில் எழுதி, ஒவ்வொன்றாகப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். எழுத்துக்குப் பின்னால் யானையும் மீனும் நிழலாகத் தெரியும். அதைப் பார்த்துச் சிரிக்காமல் படி.

ஞாயிற்றுக்கிழமை டூட்டி முடிந்து வந்து வீடியோ காலில் போனைத் திருப்பி அந்தச் சரவிளக்கைக் காட்டினாய். "எப்படிம்மா இருக்கு? பாப்பா படுத்துக்கிட்டே பாக்கும்ல" என்றாய். அழகாகத்தான் இருந்தது. உன் அப்பாவும் நானும் செய்த கடைசி விளக்கு அது. அவரைக் கொண்டுபோய் ஊரில் எரித்துவிட்டு நீ சலாலா வந்து என்னோடு இருந்த அந்தப் பத்து நாளில், "அப்பா ஞாபகமா இத மட்டும் எடுத்துக்கிறேன்" என்று அட்டைப்பெட்டியோடு தூக்கிப் போனாய். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். "எதுல மாட்டியிருக்க தம்பி?" என்று கேட்டேன். "சீலிங்லதான், வேற எதுல மாட்டுவாங்க?" என்று சிரித்தாய். பிறகு சொன்னாயே, அதுதான் எனக்கு நெஞ்சில் நிற்கிறது. "பயப்படாதம்மா, அப்பா போட்ட முடிச்சு ஒண்ணு விடாம வெட்டி எடுத்துட்டேன். எல்லாம் ஸ்டீல் கம்பி. இனி யானை தொங்குனாலும் விழாது." நான் கழற்றிவிடு என்றேன். "ராசி இல்லாத வெளக்குன்னு ஆரம்பிக்காத. அன்னிக்கு அப்பாவுக்குக் கை தப்பிருச்சு, அவ்வளவுதான். நான் அப்படி விட மாட்டேன்" என்றாய். நான் வாயை மூடிக்கொண்டேன். நாலு வருஷத்துக்கு முன்னால் எப்படி மூடிக்கொண்டேனோ, அதே மாதிரி.

இது ராசி சமாச்சாரம் இல்லை தம்பி. அப்பாவுக்குக் கை தப்பவும் இல்லை. எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன். உனக்குப் பாதி தெரியும், தேன்மொழிக்கு ஒன்றும் தெரியாது. அவளும் படிக்கட்டும்.

நீ பாலிடெக்னிக் ஹாஸ்டலில் சேர்ந்த பிறகுதான் நான் தொண்டியிலிருந்து இந்த அரபு ஊருக்கு, சலாலாவுக்கு, வந்தேன். அப்பா அப்போது மீன்பிடிச் சாமான் விற்கிற கடையில் வேலை. தூண்டில், வலை, நைலான் நூல், ஈயக்குண்டு. ஒரு நாள் ஒரு வில்லாவுக்கு வலை கொண்டுபோய்க் கொடுக்கப் போனவர், அரிசிச் சாக்கு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அந்த வீட்டில் ஹாலைப் புதுசாக்குகிறார்களாம். பழைய சரவிளக்கைக் கழற்றி வாசலில் குவித்திருக்கிறார்கள். அந்த அம்மா, "கலாஸ், எல்லாத்தையும் எடுத்துட்டுப் போ" என்று கையை வீசியிருக்கிறாள். சாக்கு நிறையக் கண்ணாடித் துளிகள். தூசியும் சமையல் புகையும் ஏறிப் பழுப்பாக இருந்தன. வினிகர் ஊற்றின வாளித் தண்ணீரில் ஊறவைத்து ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்தேன். வெயிலில் காயவைத்ததும் சுவரெல்லாம் வானவில். "ஏ புள்ள, இத வச்சு என்ன பண்ணப்போற?" என்றார். "காதுல மாட்டிக்கிறேன்" என்றேன். "அப்ப நான் ஒன் காதுக்குக் கீழ உக்காந்துதான் பேப்பர் படிக்கணும்" என்றார். சிரித்துச் சிரித்துத்தான் அந்த வேலை ஆரம்பமானது.

அதற்கு நாங்கள் கடையில் வாங்கியது ரொம்பக் குறைவு. உடைந்த ஸ்டாண்ட் ஃபேனின் கம்பிக்கூடு ஒன்று, அதைவிடச் சின்ன டேபிள் ஃபேன் கம்பிக்கூடு ஒன்று, மாவு சலிக்கிற சல்லடையின் வளையம் ஒன்று. பெரியது மேலே, சின்னது நடுவில், வளையம் அடியில். கம்பிக்கூட்டில் ஏற்கனவே வட்டம் வட்டமாகக் கம்பி ஓடுவதால் எங்கே வேண்டுமானாலும் நூல் கட்டலாம். தங்க நிற ஸ்ப்ரே அடித்துவிட்டால் அது ஃபேனில் இருந்தது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு துளிக்கும் அடுத்த துளிக்கும் இடையில் ஊரிலிருந்து கொண்டுவந்த கண்ணாடி வளையல். பச்சையும் சிவப்பும் கலந்து போட்டால் கோயில் தேர் மாதிரி இருக்கும். வெள்ளை மட்டும் போட்டால் ஓட்டல் மாதிரி. நூல், அப்பா கடையில் சுருளின் கடைசியில் மிஞ்சுகிற நைலான். முதல் விளக்குக்குப் பழைய குண்டு பல்பைப் போட்டோம். பக்கத்திலிருந்த நூலெல்லாம் தீயில் காட்டிய முடி மாதிரி சுருண்டுபோயிற்று. அதிலிருந்து சூடாகாத எல்இடிதான்.

முடிச்சு மட்டும் அப்பா வேலை. என்னைத் தொடவிட மாட்டார். நைலானைக் காய்ந்தபடி இழுக்கக் கூடாது. "காஞ்சு போயி இழுத்தா சூடேறி நூலு தன்னையே அறுத்துக்கும் புள்ள" என்பார். வாயில் வைத்து எச்சில் தொட்டு, மெதுவாக இறுக்கி, மிச்ச நுனியை நறுக்கி, ஊதுபத்தி நெருப்பில் ஒரு தொடு தொட்டு உருண்டையாக்குவார். நீ வெட்டி எறிந்தாயே, அந்த முடிச்சு ஒவ்வொன்றும் அவர் வாயில் இருந்து வந்தது. இதை உன்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை, நீ தெரிந்துகொள்ளத்தான் சொல்கிறேன். விளக்கு முடிந்ததும் அதை யாருக்கும் உடனே கொடுக்க மாட்டார். அது தொங்குகிற தலைக்கயிற்றில் ஒரு முழுத் தண்ணீர்க் கேனைக் கட்டி ஒரு நாள் பூராவும் தொங்கவிடுவார். ஒரு முடிச்சு அசைந்து நான் பார்த்ததில்லை.

மாட்டுவதும் அவர்தான். இங்கேயெல்லாம் கூரை இரண்டு என்பது உனக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரிகிற வெள்ளைக் கூரை வெறும் ஜிப்சம் பலகை. அதற்கு மேலே ஒரு முழம் தள்ளித்தான் காங்கிரீட். நடுவிலே ஏசி குழாயும் வயரும் ஓடும். அப்பா ஏணியில் ஏறி, பலகையில் இருக்கிற குட்டி விளக்கைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் கையை விட்டு மேலே தட்டிப் பார்ப்பார். பலகை டொக் டொக் என்று சத்தம் போடும், காங்கிரீட் வாயே திறக்காது. அந்த வாய் திறக்காததில்தான் டிரில் போட்டுக் கொக்கியை இறக்கி, சங்கிலியைக் கீழே விட்டு, விளக்கை மாட்டுவார். டிரில் போடக் கூடாது என்று சொல்கிற வீட்டில் மாட்டவே மாட்டார். எவ்வளவு கெஞ்சினாலும் திருப்பி எடுத்து வந்துவிடுவார்.

எங்கள் கட்டடத்தில் கீழ்வீட்டில் சுகந்தி என்று ஒருத்தி இருந்தாள். நாகர்கோவில்காரி. அவள் மகள் வர்ஷாவுக்கு ஆறு வயது முடிகிற பிறந்தநாள். அதற்கு ஒரு விளக்கு கேட்டாள். நீ கொண்டுபோயிருக்கிறாயே, அதுதான் அந்த விளக்கு. பிறந்தநாள் அன்றைக்கு அப்பாவுக்குத் திடீரென்று டூட்டி. "நாளைக்கு வந்து மாட்டித் தர்றேன்னு சொல்லிடு" என்று சொல்லிவிட்டுப் போனார். சுகந்தி முகம் விழுந்துபோயிற்று. "அக்கா, சாயங்காலம் அத்தனை பேரு வராங்க. கேக்கு வெட்டுற எடத்துல வெறும் சீலிங்கையா பாத்துட்டு நிப்பாங்க?" என்றாள். நான் கட்டட வாட்ச்மேனிடம் போய்க் கேட்டேன். பங்களாதேஷ்காரர். "டிரில் மாஃபி அக்கா, போடக் கூடாது. மேல தண்ணி பைப். ஓனர் வந்தா என் வேலை கலாஸ்" என்று சொல்லிவிட்டார். அங்கேயே திரும்பியிருக்க வேண்டும்.

திரும்பவில்லை. கடைக்குப் போனேன். ஹார்டுவேர் கடைக்காரர் பட்டர்ஃபிளை ஆணி என்று ஒன்றைக் கொடுத்தார். பலகையில் ஓட்டை போட்டு உள்ளே தள்ளினால் பின்பக்கம் போய் இறக்கை மாதிரி விரிந்து பிடித்துக்கொள்ளும். டிரில் வேண்டாம், கத்தி நுனி போதும். "சேச்சி, இது நல்லா நிக்கும்" என்றார். நானே ஏணியில் ஏறி மாட்டினேன். இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தேன். நின்றது. எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? ஆம்பளை இல்லாமல் நானே மாட்டிவிட்டேன் என்று. சாயங்காலம் எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள், படம் பிடித்தார்கள். சுகந்தி என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லாரிடமும், "அக்காதான், அக்காதான்" என்று காட்டினாள். அப்பா டூட்டி முடிந்து நேராக அங்கே வந்தார். அண்ணாந்து பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாக, "காங்கிரீட்லதானே மாட்டுன?" என்று கேட்டார். நான் "ஆமா" என்றேன்.

அந்த ஒரு "ஆமா"தான் தம்பி. அதைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சு கூட ஆகவில்லை. அவ்வளவு கூட்டத்தில் ஏணியைப் போட்டு இறக்கச் சொல்லிவிடுவார் என்று பயம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள், நேற்று ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பாரே என்று பயம். ஒரு வாரம் போனதும், அதுதான் விழாமல் நிற்கிறதே என்று ஆகிவிட்டது. நீ இப்போது குடும்பம் நடத்தப்போகிறவன். தேன்மொழி உன்னிடம் கேட்பாள், கேஸை மூடினீர்களா, கதவைப் பூட்டினீர்களா என்று. கைவேலையில் இருந்துகொண்டு "ஆமா" என்று சும்மா சொல்லிவிடாதே. எழுந்து போய்ப் பார்த்துவிட்டுச் சொல். என் புத்திக்கு எட்டிய வரை உனக்கு நான் சொல்லக்கூடிய பெரிய புத்திமதி இதுதான்.

ஆறேழு மாசம் அந்த விளக்கு நின்றது. பிறகு கரீஃப் வந்தது. சலாலாவில் அந்த மூன்று மாசமும் சாரல்தானே. மலை முழுக்கப் பச்சை, ஊர் முழுக்க ஈரம், துவைத்த துணி நாலு நாளானாலும் காயாது. அந்த ஈரம் பலகையிலும் ஏறும் என்று எனக்குத் தோன்றவில்லை. போதாததற்கு மேலே ஏசி குழாயிலிருந்து சொட்டு விழுந்திருக்கிறது. சுகந்தியே என்னிடம் சொன்னாள், "அக்கா, வெளக்குப் பக்கத்துல டீ கொட்டின மாதிரி ஒரு மஞ்ச வட்டம் தெரியுது" என்று. "பெயின்டா இருக்கும், வாட்ச்மேன்கிட்ட சொல்லு" என்று நான் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னேன். அவள் சொன்ன அன்றைக்கே ஓடிப்போய் அதை இறக்கியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை காலை. அப்பா கடையில். மாடிக்குச் சத்தம் கேட்டது. கண்ணாடி உடைகிற சத்தம், பிறகு சுகந்தி கத்துகிற சத்தம். ஓடினேன். வர்ஷா விளக்குக்கு நேர் கீழே உட்கார்ந்து படத்துக்குக் கலர் அடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். பாதி விளக்கு அவள் தோளில் கிடந்தது. புருவத்துக்கு மேலே கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளை அழவில்லை. "ஆன்ட்டி, ஐ கான்ட் ஸீ" என்று மட்டும் சொன்னது. சுகந்தியின் வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு ஓடினார், சுகந்தி செருப்பில்லாமல் பின்னாலேயே ஓடினாள். கதவு திறந்தபடி கிடந்தது. அந்த வீட்டில் நான் மட்டும் நின்றேன்.

அண்ணாந்து பார்த்தேன். பலகையில் ஒரு சோற்றுத்தட்டு அளவுக்கு ஓட்டை. விளிம்பெல்லாம் நனைந்த ரொட்டி மாதிரி. கீழே விளக்கின் கொக்கியில் அந்த ஆணி, இறக்கை விரிந்தபடியே, வெள்ளைக் கட்டி ஒன்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. விட்டது ஆணி இல்லை, முடிச்சும் இல்லை. பலகைதான் விட்டது. அதில் மாட்டினவள் நான். அந்த நேரத்தில் என் புத்தி என்ன செய்தது தெரியுமா? பிள்ளையின் கண்ணைப் பற்றி நினைக்கவில்லை. போலீஸ் வருமா, ஓனர் வீட்டைக் காலி பண்ணச் சொல்வானா, என் விசா என்ன ஆகும், அவர் முகத்தில் எப்படி முழிப்பேன், இப்படித்தான் ஓடியது. கட்டியையும் ஆணியையும் எடுத்துக் கறுப்புக் குப்பைப் பையில் போட்டேன். வாட்ச்மேன் வந்து பார்த்தார். ஏசி சொட்டுகிறது என்று சுகந்தி பல தடவை சொல்லியும் அவர் ஆளை வரச் சொல்லவில்லை. அதனால் அவருக்கும் பயம். மத்தியானத்துக்குள் ஒருவனைக் கூட்டிவந்து ஓட்டையை அடைத்து, முன்பு இருந்த மாதிரியே ஒரு கொக்கியையும் வைத்துப் பூசிவிட்டார். நானும் அவரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளவே இல்லை.

அதற்குப் பிறகு செய்ததைத்தான் எழுதக் கை வரமாட்டேன் என்கிறது. விளக்கு விழுந்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே. தலைக்கயிற்றில் அப்பா போட்ட பெரிய முடிச்சு அப்படியே இருந்தது. அதைப் பிரித்தேன் சரவணா. நகத்தால் முடியவில்லை. ஊக்கு முனையால் குத்திக் குத்தி நெம்பினேன். ஊக்கு வளைந்துபோயிற்று. தையல் ஊசி எடுத்து வந்தேன். விரல் கிழிந்தது. எத்தனை நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது, மசூதியில் ஜும்ஆ தொழுகை ஆரம்பித்து முடிந்தே போயிற்று. அவ்வளவு இறுக்கம். அந்த மனுஷன் போட்ட முடிச்சு அவ்வளவு இறுக்கமாக இருந்தது என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

சாயங்காலம் அப்பா வந்தார். சுகந்தியின் வீட்டுக்காரரும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தார். கண்ணுக்கு ஒன்றுமில்லை, புருவத்தில் தையல் என்றார். பிறகு, "எப்படி அண்ணே விழும்? பிள்ளை தலையில விழுந்திருந்தா?" என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, "தலைமுடிச்சு நழுவிருச்சுங்க" என்றேன். அப்பா கீழே உட்கார்ந்து அந்தக் கயிற்றைக் கையில் எடுத்தார். ஆள்காட்டி விரலுக்கும் கட்டை விரல் நகத்துக்கும் நடுவே கொடுத்து நுனி வரை இழுத்துப் பார்த்தார். திரும்ப இழுத்தார். என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் எழுந்து, "என் முடிச்சுதான் தம்பி. என் தப்பு. என்ன பண்ணணுமோ பண்ணுங்க" என்று அவர் முன்னால் கைகூப்பி நின்றார். அவர்கள் ஒன்றும் பண்ணவில்லை. இரண்டு மாசத்தில் மஸ்கட்டுக்கு மாறிப் போய்விட்டார்கள். ஆனால் இங்கே எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. கடைக்கு வருகிறவர்கள்கூட, "அண்ணே, நூல் குடுங்க, முடிச்சு நாங்களே போட்டுக்கிறோம்" என்று சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். நீயும் லீவில் வந்தபோது ஒரு தடவை அப்படிக் கேலி செய்தாய், ஞாபகம் இருக்கிறதா? "அப்பா, என் ஷூ லேஸ நானே கட்டிக்கிறேன்" என்று. நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் அவர் யாருக்கும் விளக்கு செய்யவில்லை. அந்த ஒன்றை மட்டும் வெள்ளிக்கிழமைகளில் எடுத்துவைத்துக்கொண்டு, உடைந்த துளிகளை மாற்றி, முடிச்சையெல்லாம் முதலிலிருந்து போட்டார். பிறகு தண்ணீர்க்குழாய் ஒன்றைத் தூண்டில் கம்பு மாதிரி வளைத்தார். பெரிய பெயின்ட் வாளியில் மண்ணும் சிமென்டும் போட்டு அதில் குழாயை நட்டு, மூலையில் நிறுத்தி, அதன் நுனியில் விளக்கைத் தொங்கவிட்டார். "இனிமே கூரையில எங்கயும் மாட்ட வேணாம் புள்ள. இதுலயே இருக்கட்டும்" என்றார். போன கரீஃப் சமயத்தில் கடையில் நூல் சுருளை மடியில் வைத்தபடியே அவர் போய்விட்டார். நீ விளக்கை எடுத்துப் போகும்போது அந்தக் குழாயைப் பார்த்து, "இந்த அசிங்கத்த யாரு பிளேன்ல ஏத்துவாங்க" என்று விட்டுவிட்டுப் போனாய். இன்னும் மூலையில் நிற்கிறது. அதில் துணி காயப்போடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்ததிலிருந்து அந்தக் குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தன் முடிச்சு நழுவியது என்று நம்புகிறவன் முடிச்சைத்தானே மாற்றுவான், உன்னை மாதிரி? கம்பி போடுவான், கயிற்றைத் தடிப்பாக்குவான். அவர் அதே நூலில் அதே முடிச்சைப் போட்டார். மாற்றியது கூரையை. நழுவின நூல் சுரண்டி வெள்ளையாக இருக்கும், பிரித்த நூல் சுருண்டே நிற்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். அன்றைக்கு அதைக் கையில் பிடித்ததுமே அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் என்னைப் பார்த்திருக்கிறார். தெரிந்துதான் கைகூப்பி நின்றிருக்கிறார். இத்தனை வருஷமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாகச் சொல்வேன் என்று இருந்தாரோ என்னவோ. நான் சொல்லவில்லை. இனி எந்த முகத்தைப் பார்த்துச் சொல்வேன்?

இப்போது நீ உன் வீட்டுக்கு வா. ஞாயிற்றுக்கிழமை பேசி முடித்ததும் நீ அனுப்பிய விளக்குப் போட்டோவை விரலால் பெரிசாக்கிப் பார்த்தேன். நீ மாட்டியிருப்பதும் பலகையில்தான், அதே ஆணியின் தலைதான் வெளியே தெரிகிறது. நூலுக்குப் பதில் ஸ்டீல் கம்பி போட்டதால் விளக்கு முன்னைவிடக் கனம். தம்மாமில் மழை கிடையாதே என்பாய். மழை வேண்டாம் தம்பி, மேலே ஓடுகிற ஏசி குழாய் வியர்த்தால் போதும். போட்டோவில் விளக்குக்கு இடதுபக்கம், சுவர் மூலைக்கு முன்னால் பார். டீ கொட்டின மாதிரி ஒரு வட்டம். சின்னதுதான். சுகந்தி வீட்டிலும் சின்னதாகத்தான் இருந்தது.

ஆகவே இறக்கிவிடு. அவசரத்தில் தனியாக ஏறி இழுக்காதே. ஒருத்தரைக் கீழே தாங்கிப் பிடிக்கச் சொல்லி, மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுக் கழற்று. விளக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பிள்ளை பார்க்கட்டும். ஒரு தண்ணீர்க்குழாயும், ஒரு பெயின்ட் வாளியும், சைட்டில் கேட்டால் கொஞ்சம் சிமென்டும் கிடைக்கும். வாளி நிறையக் கொட்டு. கட்டில் எட்டாத மூலையில் நிறுத்தி, வாளியைச் சுவரோடு சேர்த்துக் கட்டிவிடு. அசிங்கமாக இருந்தால் தேன்மொழியின் பழைய சேலை ஒன்றை வாளியில் சுற்று. வெட்டிப் போட்ட நூல்களை இன்னும் குப்பைக்குக் கொண்டுபோகாமல் இருந்தால், ஒரு கவரில் போட்டு எனக்காக வை.

இந்தத் தாள்களை உனக்கு அனுப்பியதும் இங்கே இருக்கிற நம் பெண்கள் குழுவிலும் போடப்போகிறேன். அவர் முடிச்சைப் பார்த்துச் சிரித்தவர்களின் வீட்டம்மாக்கள் எல்லாம் அதில் இருக்கிறார்கள். சுகந்திக்குத் தனியாக அனுப்புகிறேன். வர்ஷாவுக்கு இப்போது பத்து வயது முடிந்திருக்கும், அந்தப் பிள்ளையும் கேட்கட்டும். அவர்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். பேசாமல் இருந்தாலும் சரி. பதில் எழுத வேண்டாம், மன்னிப்பைப் பற்றி இப்போது யோசிக்கவும் வேண்டாம். எனக்கு ஒன்றே ஒன்று அனுப்பு. இறக்கி முடித்ததும் அண்ணாந்து, அந்த வெறும் சீலிங்கை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பிள்ளைகள் எழுந்துகொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களுக்கு முகம் கழுவிவிட வேண்டும். போனைச் சத்தத்தில் போட்டு முந்தானையில் முடிந்துவைத்திருக்கிறேன்.